சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு: பதிவு முதல் பணம் கைக்கு வரும் வரை

டெல்டாவில் சம்பா நட்டவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் எப்படிப்பட்ட மாதங்கள் என்று சொல்லத் தேவையில்லை. புயல் சின்னம் என்று செய்தி வந்தவுடன் ஊரே காப்பீட்டைப் பற்றித்தான் பேசும். ஆனால் எங்கே போவது, எந்தத் தாள் வேண்டும், எதற்குப் பணம் வரும், எதற்கு வராது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். கூட்டுறவு சங்கத்தில் ஒன்று சொல்வார்கள், பொது சேவை மையத்தில் வேறொன்று, டீக்கடையில் மூன்றாவது ஒன்று. அப்பாவின் நிலத்தை நான் கையில் எடுத்த முதல் வருஷம் இந்த மூன்றுக்கும் நடுவே அலைந்தே போனது. அந்த அலைச்சலில் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

இது பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் பற்றியது; தமிழ்நாட்டில், நெல்லுக்கு, குறிப்பாகச் சம்பாவுக்கும் தாளடிக்கும் (குறுவை அறுத்த வயலில் மறுபடி நடும் நெல்). வாழை, மரவள்ளி போட்டவர்களுக்குத் தேதியும் பிரீமியமும் வேறு.

1. எதற்குக் காப்பீடு செய்கிறோம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. உங்கள் வயல் மூழ்கினால் உங்களுக்குப் பணம் வரும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி வருவதில்லை. நெல்லுக்குக் கணக்கு வருவாய் கிராம அளவில். அந்தக் கிராமத்தின் சராசரி மகசூல் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால், அங்கே காப்பீடு செய்த எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் இழப்பீடு. போகவில்லை என்றால், உங்கள் வயலில் ஒரு மணி நெல்கூட மிஞ்சாவிட்டாலும் அந்தக் கணக்கில் ஒன்றும் கிடையாது.

அந்தக் குறிப்பிட்ட அளவுக்கு ‘உத்தரவாத மகசூல்’ என்று பெயர். கடந்த 7 வருஷ மகசூலில் நல்ல 5 வருஷத்தை எடுத்துச் சராசரி போடுவார்கள். அதில் 70, 80 அல்லது 90 சதவீதம். எது என்று மாநில அறிவிக்கையில் இருக்கும். உதாரணமாக, கிராமத்துச் சராசரி ஹெக்டேருக்கு 5,000 கிலோ, உத்தரவாத அளவு 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உத்தரவாத மகசூல் 4,000 கிலோ. இந்த வருஷம் 4,200 கிலோ விளைந்தால் உங்களுக்கு ஒன்றும் இல்லை. 3,000 கிலோ விளைந்தால் 4,000-க்கு 1,000 குறைவு, அதாவது 25 சதவீதம். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்றால் ஏக்கருக்கு 9,000 ரூபாய் வரும்.

ஆகவே இந்த உதாரணத்தில் முதல் 20 சதவீத நஷ்டம் உங்கள் தலையில்தான். இதைத் தெரிந்துகொண்டு காப்பீடு செய்தால் பின்னால் மனக்கசப்பு குறையும். பக்கத்து கிராமத்துக்கு ஏக்கருக்கு 12,000 வந்தது, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நமக்கு 900 வந்தது என்று வருஷா வருஷம் சண்டை நடக்கும். காரணம் இந்தக் கிராமக் கணக்குதான்.

2. தேதியைக் குறித்து வையுங்கள்

சம்பா, தாளடிக்கு வழக்கமாக நவம்பர் 15 கடைசி நாள். திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பிசான நெல்லுக்கு டிசம்பர் 15 வரை கொடுப்பது வழக்கம். குறுவைக்கு ஜூலை 31. குறுவையைக் காப்பீட்டில் சேர்க்காத வருஷங்களும் தமிழ்நாட்டில் உண்டு என்பதால், அந்த வருஷ அறிவிக்கையைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

பல வருஷம் நவம்பர் 15-ஐ நீட்டித்திருக்கிறார்கள். அதை நம்பி உட்காராதீர்கள். கடைசி மூன்று நாளில் பொது சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது, சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) அடங்கல், அதாவது வயலில் என்ன பயிர் என்று காட்டும் தாள், வாங்க ஐம்பது பேர் நிற்பார்கள். அந்த நேரத்தில் மழையும் பிடித்துக்கொள்ளும். வயல் மூழ்கிய பிறகு செய்த பதிவு நிலைக்காது. நட்டு முடித்தவுடன், அக்டோபர் கடைசிக்குள் முடித்துவிடுவதுதான் நிம்மதி.

தாளடிக்காரர்களுக்கு இதில் ஒரு சங்கடம். குறுவை அறுத்து, உழுது, நடும்போதே நவம்பர் பிறந்துவிடும். அடங்கலில் பயிர் ஏறியிருக்காது. அப்போது வி.ஏ.ஓ.விடம் விதைப்புச் சான்று வாங்கிப் பதிவு செய்யலாம்.

3. ஆவணங்கள்

பட்டியல் சின்னதுதான்: ஆதார், வங்கி பாஸ்புக் முதல் பக்க நகல், சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் தாள்), நடப்பு அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, ஆதாருடன் இணைத்த கைபேசி எண். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் வாங்கியிருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். சிக்கல் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு தாளுக்குள்ளும் ஒளிந்திருக்கிறது.

சிட்டா: அரசின் நில ஆவண இணையதளத்தில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம், பணம் கட்ட வேண்டியதில்லை. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் போட்டால் வந்துவிடும். யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால், அல்லது சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாக இருந்தால், பதிவின்போது கேள்வி வரும். பெயர் மாற்றம், உட்பிரிவு எல்லாம் ஒரு வாரத்தில் முடிகிற வேலை இல்லை. அதைச் சித்திரை, வைகாசியிலேயே ஆரம்பித்துவிடுங்கள். இந்த வருஷத்துக்கு, சாகுபடி செய்வது நீங்கள்தான் என்று அடங்கலில் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

அடங்கல்: இதுதான் உயிர். எந்த சர்வே எண்ணில், எந்த உட்பிரிவில், யார், என்ன பயிர், எவ்வளவு பரப்பில் செய்கிறார் என்று சொல்வது அடங்கல் ஒன்றுதான். இதில் மூன்று விஷயம் பார்த்து வாங்குங்கள். ஒன்று, பசலி ஆண்டு. பசலி ஜூலை 1-இல் பிறந்து ஜூன் 30-இல் முடியும். 2025 ஜூலையில் பிறந்தது 1435. போன வருஷத் தாளை நகலெடுத்துக் கொடுத்தால் செல்லாது. இரண்டு, சர்வே எண்ணோடு உட்பிரிவு எண். 142/3பி என்று இருக்க வேண்டிய இடத்தில் 142/3 என்று மட்டும் எழுதிவிட்டால், அதே எண்ணில் இன்னொருவர் ஏற்கெனவே பதிவு செய்திருக்கும் வாய்ப்பு உண்டு. உங்கள் விண்ணப்பம் இரட்டைப் பதிவு என்று தள்ளுபடி ஆகும். மூன்று, பரப்பு.

பரப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். நாம் மாவில் பேசுகிறோம், பிரீமியத்தை ஏக்கரில் சொல்கிறார்கள், அடங்கலும் கணினியும் ஹெக்டேரில் இருக்கின்றன. நம் பக்கத்துக் கணக்கில் மூன்று மா ஓர் ஏக்கர். ஒரு ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். அடங்கலில் 0.40.50 என்று இருந்தால் அது 40.5 ஏர் (100 ஏர் ஒரு ஹெக்டேர்), அதாவது ஓர் ஏக்கர். இரண்டு புள்ளி போட்டு எழுதுவதால் கணினியில் தட்டுபவர் 0.40 என்று நிறுத்திவிடலாம், ஏக்கர் என்று நினைத்து 1.00 என்றும் தட்டிவிடலாம். ஹெக்டேர் கட்டத்தில் 1.00 விழுந்தால் இருப்பதைவிட இரண்டரை மடங்கு பரப்புக்குப் பணம் கட்டியிருப்பீர்கள். கூடக் கட்டினால் கூட வரும் என்று மகிழ வேண்டாம். கிராமத்தில் மொத்தச் சாகுபடிப் பரப்பைவிடக் காப்பீடு செய்த பரப்பு அதிகமாகத் தெரிந்தால், எல்லோருடைய இழப்பீட்டையும் அந்த விகிதத்தில் வெட்டிவிடுவார்கள். ஒருவர் ஏற்றிப் போட்டால் ஊரே இழக்கும். வேண்டுமென்றே செய்பவர்களும் இருக்கிறார்கள் என்பது தனிக் கதை.

பாஸ்புக்: வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்தபோது பல கிளைகளின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறியது. பழைய பாஸ்புக்கில் பழைய குறியீடே இருக்கும். வங்கிக்குப் போய்ப் புதுப் பாஸ்புக் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே, உங்கள் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று கேளுங்கள். நூறு நாள் வேலைக்கு ஒரு கணக்கு, கேஸ் மானியத்துக்கு ஒன்று, நகைக் கடனுக்கு ஒன்று என்று வைத்திருப்பவர்களுக்குப் பணம் எதிர்பாராத கணக்கில் போய் விழும். அந்தக் கணக்கு செயல்படாமல் கிடந்தால் திரும்பிப் போகும்.

பெயர்: ஆதாரில் ‘கோ. செல்வராஜ்’, பாஸ்புக்கில் ‘செல்வராசு’, சிட்டாவில் ‘கோவிந்தசாமி மகன் செல்வராஜன்’. மூன்றும் ஒரே ஆள் என்று ஊருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆதாரையும் பாஸ்புக்கையுமாவது ஒரே எழுத்துக்குக் கொண்டுவாருங்கள்.

குத்தகைக்குச் செய்பவர்கள் ஒரு விஷயத்தை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். திட்டத்தில் குத்தகைதாரருக்கு இடம் உண்டு. ஆனால் நம் ஊரில் பாதிக் குத்தகை வாய்ப்பேச்சுதான். அடங்கல் யார் பெயரில் வருகிறது, யார் பதிவு செய்கிறார்கள் என்று நில உடைமையாளரிடம் கேட்டு, முடிந்தால் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அவரும் பதிவு செய்து நீங்களும் செய்தால் இரண்டும் சிக்கும். அவர் மட்டும் செய்தால், பயிர் போனது உங்களுக்கு, பணம் வருவது அவருக்கு. கோயில் நிலமாக இருந்தால் குத்தகை ரசீதை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. எங்கே பதிவு செய்வது

பயிர்க் கடன் வாங்கியவர்களுக்குக் கடன் கொடுத்த இடமே, அதாவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமோ வங்கியோ, பிரீமியத்தைப் பிடித்துப் பதிவு செய்யும். 2020 காரீஃப் (ஜூனில் தொடங்கும்) பருவத்திலிருந்து காப்பீடு கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு 7 நாளுக்கு முன் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் பிடித்துக்கொள்வார்கள்.

இங்கே இரண்டு பள்ளம். கடன் வாங்கும்போது சொன்ன பயிர் ஒன்று, இப்போது வயலில் இருக்கும் பயிர் வேறு என்றால், கடைசித் தேதிக்கு 2 நாள் முன்பாவது வங்கியில் எழுதிக் கொடுத்து மாற்றுங்கள். இன்னொன்று, வேளாண் நகைக் கடன். நகைக் கடன் வாங்கியிருக்கிறோம், அதிலேயே பிடித்திருப்பார்கள் என்று இருந்துவிடும் ஆட்கள் ஏராளம். பாஸ்புக்கில் பிரீமியம் பற்று விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். விழவில்லை என்றால் உங்களுக்குக் காப்பீடு இல்லை.

கடன் வாங்காதவர்கள் பொது சேவை மையம், கூட்டுறவு சங்கம், வங்கி எங்கு வேண்டுமானாலும் போகலாம். தேசியப் பயிர்க் காப்பீட்டு இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யவும் வழி இருக்கிறது. ஸ்கேன் செய்து ஏற்றத் தெரிந்தவர்களுக்கு அது நல்லது.

5. என்ன செலவு

சம்பா இந்தத் திட்டத்தில் ராபி (குளிர்காலப்) பருவக் கணக்கில் வருவதால், காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் நம் பங்கு. குறுவைக்கு 2, வாழை போன்ற ஆண்டுப் பயிர்களுக்கும் பணப் பயிர்களுக்கும் 5 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் கட்டும். ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்பீடு என்றால் நீங்கள் கட்டுவது 540 ரூபாய். மாவட்டத்துக்கு மாவட்டம் காப்பீட்டுத் தொகை மாறும். வேளாண் விரிவாக்க மையத்துப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள்.

பொது சேவை மையத்தில் பதிவுக்கென்று தனிக் கட்டணம் விவசாயி கொடுக்க வேண்டியதில்லை. அந்தக் கூலி அவர்களுக்கு வேறு வழியில் வருகிறது. கொடுத்த தொகையும் ரசீதில் இருக்கும் தொகையும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

540 ரூபாய்க்கு இது லாபமா என்று கேட்பார்கள். பத்து வருஷத்தில் இரண்டு முறை வந்தால்கூடக் கட்டியதைவிட அதிகம் என்பது என் கணக்கு. ஒரு வருஷம் செய்து, பணம் வரவில்லை என்று மறு வருஷம் விட்டுவிடுபவர்களைத்தான் மழை தேடி வருகிறது.

6. ரசீதை வாங்கியவுடன் அங்கேயே படியுங்கள்

மையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் ரசீதில் இவற்றைப் பாருங்கள்: வருவாய் கிராமத்தின் பெயர், பிர்கா (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு), பயிர், சர்வே எண்ணும் உட்பிரிவும், பரப்பு, வங்கிக் கணக்கு எண்.

கிராமத்தின் பெயர்தான் முதலில். பட்டியலில் ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மூன்று கிராமங்கள் இருக்கும்: மேலே ஒரு ‘நல்லூர்’, கீழே ஒரு ‘நல்லூர்’, பக்கத்து பிர்காவில் இன்னொன்று. தட்டுபவர் முதலில் வருவதைத் தேர்ந்துவிட்டால், நீங்கள் காப்பீடு செய்தது உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஊரின் மகசூலுக்கு. நீங்கள் குடியிருக்கும் ஊரும் நிலம் இருக்கும் வருவாய் கிராமமும் வேறாக இருப்பதும் சாதாரணம். சிட்டாவில் என்ன கிராமம் இருக்கிறதோ அதுதான் ரசீதிலும் இருக்க வேண்டும். பெயர் மாறினால் அன்றைக்கே திருத்தச் சொல்லுங்கள். கடைசித் தேதி போய்விட்டால் திருத்த வைப்பது பெரும்பாடு.

ரசீதில் விண்ணப்ப எண் இருக்கும். அதைப் போட்டு விண்ணப்பம் என்ன நிலையில் இருக்கிறது என்று இணையத்தில் பார்க்கலாம். டிசம்பரில் ஒருமுறை, பொங்கலுக்கு முன் ஒருமுறை பாருங்கள். திருப்பி அனுப்பியிருந்தால் காரணம் அங்கேயே இருக்கும். பல பேர் அதை அறுவடைக்குப் பிறகுதான் பார்க்கிறார்கள்.

7. மழை அடித்துவிட்டது: 72 மணி நேரம்

கிராமக் கணக்கைத் தவிர, தனி வயலுக்கென்று பார்க்கும் இழப்புகளும் சில உண்டு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, மின்னலால் பிடித்த தீ. நெல் வயலில் தண்ணீர் தேங்குவதை 2018-இல் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். தண்ணீரிலேயே வளரும் பயிர் என்பது அவர்கள் வாதம். கழுத்துவரை தண்ணீரில் பத்து நாள் நின்ற பயிரைப் பார்த்தவர் யாரும் அதை எழுதியிருக்க மாட்டார்கள். 2026 காரீஃப் முதல் நெல் மூழ்குவதை மறுபடியும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. உங்கள் பருவத்துக்கான மாநில அறிவிக்கையில் அது வந்திருக்கிறதா என்று வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். 14447 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பயிர்க் காப்பீட்டுச் செயலியில் படத்தோடு பதியலாம். வங்கியிலோ வேளாண் அலுவலகத்திலோ எழுத்தில் கொடுக்கலாம். அழைத்தால் புகார் எண் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். படம் எடுக்கும்போது கைபேசியில் இருப்பிடத்தை இயக்கிவிட்டு, வரப்பு, மோட்டார் கொட்டகை மாதிரி அடையாளம் ஒன்று தெரிகிற மாதிரி எடுங்கள். வெறும் தண்ணீர்ப் படம் எந்த வயல் என்றும் சொல்லாது.

அறுத்த பிறகு வரும் மழைக்கும் காப்பீடு உண்டு: அறுத்துக் காயப் போட்ட பயிருக்கு 14 நாள் வரை, புயல் மழையோ பருவம் தவறிய மழையோ கெடுத்தால். ஆனால் அது வயலிலேயே காய்கிற கதிருக்குத்தான். இப்போது எல்லோரும் மிஷின் வைத்து அறுக்கிறோம், நெல் அன்றைக்கே கொள்முதல் நிலைய வாசலில் குவியலாகிவிடுகிறது. அந்தக் குவியலுக்குக் காப்பீடு கிடையாது. சாக்கும் லாரியும் வருகிறவரைக்கும் தார்ப்பாய்தான் உங்கள் காப்பீடு. வாடகைக்கு எடுக்காமல் சொந்தமாக வாங்கி வையுங்கள்.

நடவே செய்ய முடியாமல் போவதற்கும் வழி இருக்கிறது. அறிவிக்கப்பட்ட பகுதியில் முக்கால் பங்குப் பரப்பில் விதைக்க முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கொடுத்துப் பாலிசியை முடித்துவிடுவார்கள். இதுவும் பகுதிக் கணக்குதான், தனி ஆள் கேட்க முடியாது. பயிர் வயலில் நிற்கும்போதே, விளைச்சல் 50 சதவீதத்துக்கும் கீழே போகும் என்று தெரிந்தால், வரக்கூடிய இழப்பீட்டில் 25 சதவீதம் வரை முன்பணமாகக் கொடுக்கவும் விதி இருக்கிறது.

8. பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும்போது வயலில் இருங்கள்

உங்கள் இழப்பீட்டைத் தீர்மானிக்கிற இடம் இது. ஆனால் பல ஊரில் எப்போது நடந்தது என்றே யாருக்கும் தெரியாது.

கிராமத்துக்குக் குறைந்தது 4 பரிசோதனை. எந்த சர்வே எண் என்பது குலுக்கல் மாதிரித் தேர்வாகும். வயலின் ஒரு மூலையிலிருந்து, கொடுத்த எண்ணிக்கைப்படி நீளத்தில் இத்தனை அடி, அகலத்தில் இத்தனை அடி என்று நடந்து போய் முளை அடிப்பார்கள். 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம், நான்கு முளை, சுற்றிக் கயிறு. உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். 25 சதுர மீட்டர் எடையை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல்.

இந்த 400-ஐ மனதில் வையுங்கள். கயிற்றுக்கு வெளியே நின்ற நாலு குத்தையும் சேர்த்து அறுத்துவிட்டால், பதரும் ஈரமுமாக எடை போட்டுவிட்டால், ஒரு கிலோ கூடுவது பெரிய விஷயம் இல்லை. ஒரு கிலோ என்றால் ஹெக்டேருக்கு 400 கிலோ. நான்கு பரிசோதனையின் சராசரியில் அது 100 கிலோ. மேலே சொன்ன உதாரணத்தில் 4,000-க்கு 100 என்றால் 2.5 சதவீதம், ஏக்கருக்கு 900 ரூபாய், அந்தக் கிராமத்தில் காப்பீடு செய்த ஒவ்வொருவருக்கும்.

யாரையும் சந்தேகப்பட்டு நிற்கச் சொல்லவில்லை. வருகிற அலுவலருக்கும் ஒரே வாரத்தில் ஏழெட்டு ஊர் இருக்கும், வெயிலில் நின்று வேலை பார்ப்பவர்கள்தான். தை பிறந்தவுடன் உதவி வேளாண் அலுவலரிடம் எந்தெந்த சர்வே எண் தேர்வாகியிருக்கிறது என்று கேட்டு வையுங்கள். அந்த வயல்காரரிடம், ஆள் வராமல் அறுத்துவிடாதீர்கள் என்று சொல்லுங்கள். மிஷின் கிடைத்த அன்றைக்கு அறுத்துவிடுவதுதான் இயல்பு. அப்படிப் போய்விட்டால் வேறு வயலுக்கு மாறும். அன்றைக்கு நாலு பேர் கூட நின்று, தராசு சரியா, தூற்றினார்களா என்று பார்த்து, எடையைக் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். நெல்லுக்கு இப்போது செயற்கைக்கோள் கணிப்பையும் ஒரு பங்கு சேர்த்துக் கணக்கிடும் முறை வந்திருக்கிறது. அதில் நாம் செய்ய ஒன்றும் இல்லை.

9. அரசு நிவாரணத்தைத் தனியாகக் கேளுங்கள்

காப்பீடு செய்தவருக்கு நிவாரணம் கிடையாது என்றும், நிவாரணம் வாங்கினால் காப்பீட்டில் கழித்துக்கொள்வார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. இரண்டும் வேறு வேறு. நிவாரணம் பேரிடர் நிதியிலிருந்து வருவது, உங்கள் வயலைப் பார்த்துக் கொடுப்பது. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் இருக்க வேண்டும். பேரிடர் நிதி விதிப்படி பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், 2 ஹெக்டேர் வரை. சில வருஷம் மாநில அரசு கூட்டிக் கொடுக்கும். 2023 பிப்ரவரியில் பருவம் தவறிப் பெய்த மழைக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் அறிவித்தார்கள்.

இதற்குக் கணக்கெடுப்பில் உங்கள் பெயர் ஏற வேண்டும். வி.ஏ.ஓ.வும் உதவி வேளாண் அலுவலரும் சேர்ந்து வருவார்கள். தண்ணீர் வடிந்த பிறகு வந்தால் பயிர் பச்சையாகத்தான் தெரியும். அழுகிய தூரைப் பிடுங்கிக் காட்டுங்கள். கணக்கெடுப்பு முடிந்ததும் பட்டியலில் பெயரும் பரப்பும் சரியா என்று வி.ஏ.ஓ. அலுவலகத்தில் பார்த்துவிடுங்கள். தாள்கள் அதேதான்: அடங்கல், ஆதார், பாஸ்புக். ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் எடுத்து ஒரே உறையில் போட்டு வைத்தால் மழையில் அலைய வேண்டாம்.

பயிர்க் கடன் இருந்தால் இன்னொரு வேலை. சேதம் 33 சதவீதத்துக்கு மேல் என்று அரசு அறிவித்த பகுதியில், குறுகிய காலக் கடனைத் தவணைக் கடனாக மாற்றித் தர ரிசர்வ் வங்கி விதியில் இடம் இருக்கிறது. தானாக நடக்காது, கடன் தவணை தாண்டுவதற்கு முன் நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும்.

10. பணம் எப்போது வரும், வராவிட்டால் என்ன செய்வது

மகசூல் விவரம் கைக்கு வந்த 3 வாரத்தில் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்க வேண்டும் என்பது விதி. தாமதித்தால் 12 சதவீத வட்டி. ஆனால் மகசூல் விவரம் போய்ச் சேருவதிலும் அரசுகளின் பங்குத் தொகை கட்டுவதிலும் நாள் போய்விடும். தை, மாசியில் அறுத்ததற்கு ஆவணிக்கு முன்னால் பணம் வரும் என்று எண்ணி எந்தச் செலவையும் வைத்துக்கொள்ளாதீர்கள். குறுவைக்கு விதை, உழவுக் கூலி, கூட்டுறவுக் கடன் தவணை இவற்றுக்கு வேறு வழி பார்த்து வையுங்கள். தவணை தவறாமல் கட்டினால் கூட்டுறவுப் பயிர்க் கடனுக்கு வட்டி இல்லை. காப்பீட்டுப் பணத்துக்காகக் காத்திருந்து அந்தச் சலுகையை இழக்காதீர்கள்.

ஊரில் மற்றவர்களுக்கு வந்து உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான். ரசீதையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு பதிவு செய்த இடத்துக்குப் போங்கள், 14447-இலும் புகார் பதியுங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். அங்கே வேளாண் இணை இயக்குநரும் இருப்பார். காப்பீட்டு நிறுவனத்தின் மாவட்டப் பிரதிநிதி வந்திருந்தால் நேராகக் கேட்டுவிடலாம். மனுவுக்கு எண் வாங்காமல் வராதீர்கள்.

கிராமத்துக்கே மிகக் குறைவாக வந்திருந்தால் தனி ஆளாகப் போராடிப் பயனில்லை. பரிசோதனைவாரியான எடை, உத்தரவாத மகசூல், கணக்கிட்ட முறை மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். கையில் அந்தத் தாளும் பரிசோதனை அன்று எடுத்த படமும் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். ரசீது, பற்று விழுந்த பாஸ்புக் பக்கம், அடங்கல், 14447 புகார் எண், குறைதீர்க்கும் நாள் மனு எண் இவ்வளவும் கேட்பார்கள். ஆகவே பணம் வந்து சேருகிறவரை எந்தத் தாளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.